எந்தப் பக்கம் வெளியே

பசுமைக்குடிலுக்கான ஷீட் வந்து இறங்கியதும் அம்மா செய்த முதல் வேலை, கத்தரியை எடுத்ததுதான்.

அம்மா தையல்காரி. முப்பது வருஷமாக எந்தத் துணி கைக்கு வந்தாலும் முதலில் கரையை வெட்டி எறிவாள். மில் பெயர் அச்சடித்த கரை உள்ளே மடிந்து கிடந்தால்கூட அவளுக்குப் பொறுக்காது. அது துணியா பிளாஸ்டிக்கா என்று கை யோசிக்கவில்லை. நாலாக மடித்துச் சுருட்டியிருந்த ஷீட்டைக் கூடத்தில் உருட்டிக்கொண்டே போய், ஓரத்தில் நீல எழுத்து ஓடிய நாலு விரல் அகலத்தை ஒரே சீராக வெட்டி எடுத்துவிட்டாள்.

"அண்ணி, குடில் வளைவுல திருகு முனை எல்லாம் நீட்டிக்கிட்டு இருக்கு. ஷீட்டைக் கிழிச்சிடும். சுத்தறதுக்கு ஏதாவது துணி இருக்கா?" என்று கொல்லை வாசலிலிருந்து சித்தப்பா கேட்டார்.

"துணி எதுக்குத் தம்பி? இதோ, இதையே சுத்துங்க." வெட்டிய கரையைச் சாண் சாணாக நறுக்கி அவர் கையில் கொடுத்தாள். ஒரு பொருளும் வீணாகாததில் அம்மாவுக்கு முகமெல்லாம் திருப்தி.

மகள் அப்போது சமையலறையில் நாற்றுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். வேதியியல் பட்டம் வாங்கி ஒரு வருஷமாக வீட்டில் இருக்கிறாள். வீட்டில் அவளுக்கு விஞ்ஞானி என்று பெயர். பல்பு எரியாவிட்டாலும் விஞ்ஞானியைக் கூப்பிடு, பால் திரிந்தாலும் விஞ்ஞானியைக் கேளு. அப்பா கேலியாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் தான் ஓட்டும் பள்ளி வேனில் ஏறும் டீச்சர்களிடம் அதே பெயரைப் பெருமையாகச் சொல்லிவந்தார். வேலைக்குப் போட்ட மனுக்களுக்குப் பதில் வந்ததா என்று தினமும் யாராவது கேட்பார்கள். "இன்னும் வரல." ஒரு வருஷமாக அவளிடம் இருந்த ஒரே பதில் அது.

வீட்டுக்குப் பின்னால் பசுமைக்குடில் போட்டு நாற்று வளர்க்கலாம் என்பது அவள் யோசனை. சட்டகம் கட்டியது சித்தப்பா. அவர் குழாய் வேலைக்காரர். இந்த வீட்டில் அவர் மாட்டிய முதல் குழாய் நாலு வருஷம் சொட்டியது. அன்றைக்கு அப்பா வைத்த பெயர்தான் 'சொட்டு'. அதற்குப் பிறகு அவர் மாட்டிய ஆயிரம் குழாய்கள் சொட்டவில்லை. பெயர் மட்டும் போகவில்லை.

ஒன்பது வளைவுகள். பிவிசி குழாயில் சுடுமணலை நிரப்பி வளைத்து, தரையில் அடித்த கம்பிகளில் சொருகியிருந்தார். எந்த முனையிலிருந்து பார்த்தாலும் ஒன்பதும் ஒரே கோடாகத் தெரிந்தன. ஷீட்டைப் பிடிக்க கிளிப்பும் அவரே செய்தார். கொஞ்சம் பெரிய குழாயைச் சாண் அளவில் அறுத்து நீளவாக்கில் கீறிவிட்டால், வளைவின்மேல் வைத்து அழுத்தும்போது டக்கென்று கவ்விக்கொள்ளும். நூற்றிருபது கிளிப். ஒவ்வொன்றின் விளிம்பையும் உப்புத்தாளால் தேய்த்து மழுக்கியிருந்தார்.

அவ்வளவு சிரத்தைக்கு ஒரு காரணமும் இருந்தது. பெரிய சாலையில் நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர், "முதல்ல உங்க வீட்டுல ஒண்ணு கட்டிக் காட்டு, நல்லா இருந்தா என் பண்ணைக்கு நாலு கட்டிக்குடு" என்று சொல்லியிருந்தார். நாலு குடில் என்றால் ஆறு மாச வேலை. தினமும் காலையில் பழுதான குழாயைத் தேடித் தெருத்தெருவாகப் போக வேண்டாம்.

"உச்சி வெயில் வரட்டும்" என்றார் சித்தப்பா. "சூட்டுல ஷீட் இளகும். அப்ப இழுத்துப் பூட்டிட்டா சாயங்காலம் குளிர்ந்ததும் தானா விறைச்சுக்கும். காத்து இல்லாத நேரமாவும் இருக்கணும்."

மதியம் காற்று அடங்கியது. நாலு பேரும் நாலு மூலையைப் பிடித்தார்கள். தலைக்குமேல் தூக்கியபோது ஷீட் ஒருமுறை புடைத்து மூச்சுவிட்டது. அப்போதுதான் அப்பா கேட்டார்.

"டேய் சொட்டு, இதுல உள்பக்கம் வெளிப்பக்கம்னு ஏதாவது உண்டா?"

"இருக்கும்ணா. கடைக்காரன் என்னவோ சொன்னான். ஓரத்துல எழுதியிருக்கும்னான்."

எல்லோரும் ஓரத்தைப் பார்த்தார்கள். ஓரம் மொட்டையாக இருந்தது.

"துணின்னா தொட்டே சொல்லிடுவேன்" என்றாள் அம்மா, விரலால் தடவிக்கொண்டே. "இது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கு." கரையை வெட்டியது அவளுக்கு அப்போதும் உறைக்கவில்லை.

"விஞ்ஞானி இருக்கும்போது நாம ஏன் மண்டையை உடைச்சுக்கணும்?" என்றார் அப்பா. "சொல்லும்மா. எந்தப் பக்கம் வெளியே?"

மூன்று பேர் கைகளும் உயர்ந்திருந்தன. மூன்று முகங்களும் அவள் பக்கம் திரும்பியிருந்தன. தெரியாது என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. இன்னும் வரல, தெரியாது. இரண்டும் ஒரே குரலில் வரும் போலிருந்தது. அவள் ஷீட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்தாள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினாள். அப்படிச் செய்தால் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இந்தப் பக்கம்" என்றாள்.

"அவ்வளவுதான்!" என்றார் அப்பா. "படிப்புன்னா படிப்புதான்."

டக், டக், டக் என்று கிளிப்புகள் கவ்வின. சித்தப்பா உச்சியிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் பூட்டிக்கொண்டே கீழே வந்தார். அடி ஓரத்தை மரச்சட்டத்தில் சுற்றி, பள்ளத்தில் இறக்கி, மண் தள்ளி மிதித்தார்கள். சாயங்காலம் அப்பா போய் விரலால் சுண்டினார். மத்தளம் மாதிரிச் சத்தம் வந்தது. இன்னொரு முறை சுண்டினார். தம்பியின் வேலையை அவர் இரண்டு முறை தொட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான். சித்தப்பா அதைக் கவனிக்காத மாதிரி மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

பத்து நாள் எல்லாம் சரியாக இருந்தது. தக்காளியும் குடைமிளகாயும் முளைத்து இரண்டு இலை விட்டன. பிறகு குளிர் ஆரம்பித்தது. ஒரு காலை அவள் கதவை விலக்கி உள்ளே போனபோது பின்கழுத்தில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். ஷீட்டின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். கையால் லேசாகத் தட்டினாள். மழை.

நாலாம் நாள் நாற்றுகள் சாயத் தொடங்கின. ஓயாத ஈரத்தில், மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு நூலாக இளைத்து, அப்படியே படுத்துக்கொண்டன. ஒரு தட்டுக்கு அறுபது இருந்த இடத்தில் இருபது.

அப்பா உள்ளே வந்து தலையைத் துடைத்துக்கொண்டார்.

"சொட்டு கட்டினது சொட்டாம என்ன செய்யும்?"

அம்மா சிரித்தாள். சித்தப்பாவும் சிரித்தார். "எங்கேயோ சரிவு போதலண்ணா" என்றார். "உச்சி தட்டையா இருக்கு. தண்ணி ஓட வழியில்லாம நின்னு சொட்டுது."

"அதான் உன் கை ராசி ஆச்சே."

"ராசி எல்லாம் இல்ல. அளவு தப்பிடுச்சு." சிரிப்பு போய்விட்டது. அவர் வளைவின் உச்சியைக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் அவள் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மாவின் தையல் கூடையில் மிஞ்சிக் கிடந்த கரைத் துண்டு ஒன்று அவளிடம் இருந்தது. நீல எழுத்தில் அச்சடித்திருந்தது. 'இந்தப் பக்கம் வெளியே.' எழுத்து நேராகத் தெரியும் பக்கத்தை மேலே வைத்து, விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். சொட்டு உருண்டையாக நின்றது. துண்டைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் ஒரு சொட்டு. அது நிற்கவில்லை. பரவி, கண்ணுக்கே தெரியாத ஒரு படலமாகிப் படர்ந்துவிட்டது. உள்பக்கத்தில் பூச்சு இருக்கிறது. அந்தப் பக்கம் உள்ளே இருந்திருந்தால் நீர் முத்தாகக் கோத்திருக்காது. மெல்லிய படலமாக வழிந்து ஓரத்துக்கு இறங்கியிருக்கும். எந்தச் சரிவிலும் இறங்கியிருக்கும். சித்தப்பாவின் வளைவில் தாராளமாக.

பிறகு குடிலுக்குள் போய் ஷீட்டை விரலால் நனைத்துப் பார்த்தாள். உருண்டை. வெளியே வந்து அதே இடத்தில் நனைத்தாள். படலம்.

ஒரு சொட்டுத் தண்ணீர். அன்றைக்கு நாலு மூலையையும் பிடித்துக்கொண்டு நின்றபோது பக்கத்திலேயே வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. மூன்று வருஷம் ஆய்வுக்கூடத்தில் அளந்து அளந்து ஊற்றியவளுக்கு ஒரு சொட்டு விட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. தெரியாது என்று ஒத்துக்கொண்டவர்களுக்குத்தான் சோதித்துப் பார்க்கத் தோன்றும். கரைத் துண்டை நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்து மூடினாள்.

ராத்திரி சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சாப்பிட்டு முடித்தார்கள். காலையில் சொல்லலாம் என்று நினைத்தாள். காலையில் அப்பா வேனுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார். இப்படி மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் நாற்றுப்பண்ணைக்காரரே வந்துவிட்டார்.

பருத்த மனிதர். குனிந்து உள்ளே நுழைந்து நிமிர்ந்தபோது தலை ஷீட்டில் இடித்தது. பொலபொலவென்று அத்தனையும் அவர் தலையில் கொட்டியது.

"என்னப்பா இது, வெளிய வெயில் அடிக்குது, உள்ள மழை பெய்யுது!" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தட்டுகளைப் பார்த்தார். படுத்துக் கிடந்த நாற்று ஒன்றை நுனி விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டார். "ஷீட் சரியான பக்கம்தானே போட்டிருக்கீங்க?"

அவள் இரண்டடி தள்ளி, கையில் ஒரு தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அதெல்லாம் எங்க விஞ்ஞானி பார்த்துச் சொன்னதுங்க" என்றார் சித்தப்பா. கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "அண்ணன் பொண்ணு. வேதியியல் படிச்சவ. அதுல தப்பு இருக்காது. என் வளைவுதான் தட்டையாப் போச்சு. உச்சியைக் கூராக்கிட்டா சரியாயிடும்."

பண்ணைக்காரர் அவளைப் பார்த்தார். அவள் தட்டைப் பார்த்தாள். தட்டில் எத்தனை குழி இருக்கிறது என்று எண்ணத் தொடங்கினாள்.

"சரி செஞ்சுட்டுச் சொல்லு" என்றார் அவர். போகும் வழியில் வாசலில் அப்பாவிடம் வேறு குரலில் சொன்னது, வீட்டுக்குள் போயிருந்த அவளுக்கு ஜன்னல் வழியாகக் கேட்டது. "நல்ல பையன்தான். ஆனா நாலு குடிலை நம்பிக் குடுக்க முடியாதுங்க."

"அவன் விஷயம் எனக்குத் தெரியாதா?" என்றார் அப்பா.

அடுத்த இரண்டு நாள் சித்தப்பா வேறு வேலைக்கே போகவில்லை. நூற்றிருபது கிளிப்பையும் ஒவ்வொன்றாக நெம்பிக் கழற்றினார். ஷீட்டை உருவி மடித்து வைத்தார். ஒவ்வொரு வளைவையும் உச்சியில் அறுத்து, ஒரு எல்போ இணைப்பும் இரண்டு துண்டுக் குழாயும் வைத்து ஒட்டி, சாண் உயரம் ஏற்றிக் கூராக்கினார். ரம்பம் வழுக்கி இடதுகைப் பெருவிரல் கிழிந்தது. அம்மா தையல் துணிக் கிழிசலால் கட்டிவிட்டாள். அவ்வளவு அழகாக வளைத்த ஒன்பதும் இப்போது முழங்கை மடக்கின மாதிரி நின்றன.

முதல் வளைவை அறுக்கும்போது அவள் கொல்லை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். சொல்லலாம். இரண்டாவதை அறுக்கும்போதும் சொல்லலாம். ஐந்தாவதுக்குப் பிறகு, இனிமேல் சொன்னால் ஐந்தை அறுக்கவிட்டு ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்பார்கள் என்று தோன்றியது. ஒன்பதாவதையும் அறுத்துவிட்டார். அப்போது இன்னொரு எண்ணமும் வந்தது. அதுதான் அவளை அதிகம் கூனிக் குறுக வைத்தது. மறுபடி ஷீட் போடும்போது பக்கத்தை மாற்றிச் சொல்லிவிட்டால் போதும். சொட்டாது. உச்சியைக் கூராக்கியதால்தான் சரியானது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். சித்தப்பாவுக்கும் சந்தோஷம். ஒருவருக்கும் தெரியாது.

முதல் தடவை அவர் தப்பாகத்தான் கட்டினார் என்று மட்டும் காலத்துக்கும் நிற்கும்.

மூன்றாம் நாள் மதியம். வெயில் உச்சிக்கு வந்தது. காற்று நின்றது. நாலு மூலை, நாலு பேர். சித்தப்பாவின் பெருவிரல் கட்டு அழுக்காகியிருந்தது. ஷீட் தலைக்குமேல் ஏறி ஒருமுறை புடைத்தது.

"இந்தத் தடவை சொட்டுச்சு, உன் பேரை ஊத்துன்னு மாத்திடுவேன்" என்றார் அப்பா. பிறகு அவள் பக்கம் திரும்பினார். குரல் மாறியது. அவளிடம் பேசும்போது மட்டும் வரும் குரல். "சொல்லும்மா. போன தடவை மாதிரியேதானே? எந்தப் பக்கம் வெளியே?"

சித்தப்பா ஏற்கெனவே பழைய பக்கமாகவே திருப்பிப் பிடித்திருந்தார். அவள் சொன்ன பக்கம். மறக்காமல் கரியால் மூலையில் அடையாளம் போட்டு வைத்திருந்தார்.

"மாத்திப் போடணும்" என்றாள்.

"எதை?"

"ஷீட்டை. போன தடவை தப்பாப் போட்டோம்." போட்டோம் என்று வந்த சொல் அவள் காதிலேயே விழுந்தது. "நான் தப்பாச் சொன்னேன். எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சும்மா சொன்னேன்."

ஷீட்டைக் கீழே வைக்க ஒருவருக்கும் தோன்றாததால் நாலு பேரும் கையைத் தூக்கியபடியே நின்றார்கள்.

"சும்மான்னா?" என்றார் அப்பா.

"சும்மாதான்."

அவள் தன் மூலையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாளியில் விரலை நனைத்தாள். ஒரு பக்கம் ஒரு சொட்டு. மறுபக்கம் ஒரு சொட்டு. ஒன்று நின்றது, ஒன்று படர்ந்தது. படர்வதுதான் உள்ளே இருக்க வேண்டிய பக்கம் என்றாள். தண்ணீர் அதில் வழிந்து ஓடிவிடும் என்றாள். குரல் ஆய்வுக்கூடத்தில் விளக்குவது மாதிரி சீராக வந்தது. அதற்கும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அப்ப அந்த நீல எழுத்து..." என்றாள் அம்மா. "அட கடவுளே. நான்தான் வெட்டினேன்."

"நீங்க வெட்டினதால இல்லம்மா. நான் தெரியலன்னு சொல்லியிருந்தா கடைக்காரரைக் கேட்டிருப்போம்."

"எப்பத் தெரியும் உனக்கு?" சித்தப்பாதான் கேட்டார்.

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். "பண்ணைக்காரர் வர்றதுக்கு மூணு நாள் முன்னாடி."

அவர் தலையாட்டினார். விரல் கட்டைப் பார்த்தார். பிறகு ஒன்பது வளைவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார், மடக்கின முழங்கைகளை.

அப்பா அவர் பக்கம் திரும்பினார். "அப்ப நீ முதல்ல வளைச்சது சரியாத்தான் இருந்துச்சாடா?"

"இருந்துச்சு" என்றார் சித்தப்பா.

அவ்வளவுதான் சொன்னார். ஒரு வசவு விழுந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். ஷீட்டைத் திருப்பினார்கள். டக், டக் என்று கிளிப்புகள் கவ்வின. அவர் கேட்ட இடத்தில் பிடித்தாள், கேட்டபோது விட்டாள். 'அந்தப் பக்கம் இழு', 'விடு', 'மண்ணைத் தள்ளு'. ஒரு தடவைகூட விஞ்ஞானி என்று கூப்பிடவில்லை. அந்தப் பெயர் அவளுக்கு என்றைக்கும் பிடித்ததில்லை. இல்லாமல் போனதும் அந்த இடம் மொட்டையாகத் தெரிந்தது.

இரண்டு குளிர்காலைகள் பார்த்தாள். ஷீட் உள்ளே கண்ணாடியாக நனைந்திருந்தது. ஒரு முத்து இல்லை. நீர் ஓசையில்லாமல் ஓரத்துக்கு இறங்கி மண்ணில் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் அவள் நோட்டுப் புத்தகத்திலிருந்து கரைத் துண்டை எடுத்தாள். சின்னப் புட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டாள். கடையில் மிச்சச் சில்லறை கேட்கவே இரண்டு தடவை யோசிக்கிறவள், பெரிய சாலையில் தனியாக நடந்தாள். பண்ணை வாசலை ஒருமுறை தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

பண்ணைக்காரர் குழாயால் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா கட்டினதுல தப்பு இல்லைங்க" என்றாள், வணக்கம்கூடச் சொல்லாமல். "ஷீட்டை முதல்ல தப்பான பக்கம் போடச் சொன்னது நான்தான். தெரியாமலே சொன்னேன். நீங்க வந்து கேட்டப்பத் தெரியும். அப்பவும் சொல்லல."

அவர் குழாயை மூடினார். அவள் மேசையில் துண்டை விரித்து இரண்டு சொட்டும் விட்டுக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். பிறகு அவளையும் பார்த்தார்.

"இது எனக்குத் தெரியாதாம்மா? அன்னைக்கு அதுக்குத்தானே கேட்டேன்."

"ஆமாங்க."

"அவன் உன்னை எவ்வளவு பெருமையாச் சொன்னான் தெரியுமா?"

"கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன்."

அவர் துண்டைத் திருப்பி நீல எழுத்தைப் படித்தார். "வெள்ளிக்கிழமை வந்து உள்ள நின்னு பாக்கறேன். சொட்டலன்னா அப்புறம் பேசலாம். அவன்கிட்டச் சொல்லு."

"நீங்களே சொல்லிடறீங்களா?" என்று வந்த கேள்வியை அவள் விழுங்கிக்கொண்டாள்.

சித்தப்பா இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் கழுவுதொட்டிக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அவள் கால்களிடம் சொன்னாள். பண்ணைக்குப் போனதை, சொன்னதை, வெள்ளிக்கிழமையை. தொட்டிக்கு அடியில் திருகும் சத்தம் நின்றது.

"நீயா போன? தனியா?"

"ஆமா சித்தப்பா."

பிறகு கட்டுப் போட்ட பெருவிரலோடு ஒரு கை வெளியே நீண்டது.

"அந்தக் குறடை எடு" என்றார்.

அவள் எடுத்துக் கொடுத்தாள். கை உள்ளே போய்விட்டது. போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அடுத்து எதைக் கேட்பார் என்று தெரியாமல், கருவிப் பைக்குப் பக்கத்திலேயே அவள் குந்தி உட்கார்ந்துகொண்டாள்.